வெளிநாட்டு நல்கை ஆண்டின் அலுவலக வேலைகள்: புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்கு

வெளிநாட்டில் ஓராண்டு படிக்கவோ ஆய்வு செய்யவோ நல்கை கிடைத்தவர் அன்றிலிருந்து மூன்று தரப்பினருக்குக் காகிதம் காட்ட வேண்டியவராகிறார். நல்கை வழங்கும் அமைப்பு முதல் தரப்பு. சென்று தங்கும் நாட்டின் குடிவரவுத் துறை, பல்கலைக்கழகம், வங்கி, மருத்துவக் காப்பீடு ஆகியவை இரண்டாம் தரப்பு. ஊரில் விட்டுச் செல்லும் கல்லூரி, வங்கிக் கணக்கு, வருமான வரி, வீட்டுப் பொறுப்புகள் ஆகியவை மூன்றாம் தரப்பு. இவற்றுள் எதற்கும் மற்றதன் நடைமுறை தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் மற்றது தர வேண்டிய சான்றைக் கேட்கும், அதையும் இன்ன தேதிக்குள் தர வேண்டும் என்று கேட்கும். ஆகவே இந்த ஆண்டின் அலுவலக வேலையில் பெரும்பகுதி, எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பதுதான். வரிசை தெரிந்தவருக்கு அலைச்சல் பாதியாகக் குறையும். தெரியாதவர், எவ்வளவு நல்ல மதிப்பெண்ணோடு போயிருந்தாலும், முதல் பருவத்தின் நல்ல பகுதியை அலுவலக வாசல்களிலேயே கழிப்பார்.

புதுச்சேரியின் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில், வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் தாத்தாக்களும் பாட்டிகளும் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றைக் காலம் தவறாமல் அனுப்பி வைப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஒழுங்கைத்தான் மாணவரும் ஓராண்டுக்குக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நல்கைக் கடிதத்திலிருந்து தொடங்குதல்

நல்கைக் கடிதம் வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது தொகையை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை தேதிகள்: நல்கை எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது, முதல் தவணை எதைக் காட்டினால் வரும், இடைக்கால அறிக்கை எப்போது, இறுதி அறிக்கை எப்போது, எத்தனை நாள் வரை முன்னனுமதி இன்றி அந்நாட்டை விட்டு வெளியே இருக்கலாம் என்பன. விசா விண்ணப்பம், விடுதிப் பதிவு, காப்பீடு, பயணச்சீட்டு, கல்லூரியில் கோரும் விடுப்பு ஆகிய அனைத்தும் இந்தத் தேதிகளோடு ஒத்துப்போக வேண்டும். நல்கை செப்டம்பர் 1 முதல் ஜூன் 30 வரை என்று இருக்க, கல்லூரியில் செப்டம்பர் 15 முதல் விடுப்பு கேட்டுவிட்டால், இடைப்பட்ட இரண்டு வாரத்துக்கு ஒருவர் இரண்டு இடங்களில் பணியிலிருந்ததாகக் கணக்கு வரும். ஊரில் ஆய்வு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது வெறும் எழுத்துப் பிழையாக நிற்காது. ஒரே காலத்துக்கு இரண்டு இடத்தில் பணம் பெற்றதாகக் கொள்ளப்பட்டு, தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் அளவுக்குப் போகும்.

கடிதத்தில் தொகை, காலம், நிறுவனம் ஆகிய மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால், உடனே அந்த அமைப்புக்கு எழுதி முத்திரையோடு கூடிய தனிச் சான்று ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். விசா அதிகாரிக்கு அதுவே நிதிச் சான்று. ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க விடும் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள அளவு. போதுமான தொகையுள்ள நல்கைக்கு உரிய கடிதம் இருந்தால் அந்தக் கணக்கே தேவைப்படாது. ஒரு தாள் அவ்வளவு பெரிய தொகைக்கு ஈடாக நிற்கிறது என்பதால், அதை மின்னஞ்சலில் வந்த கோப்பாக மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

பெயரும் பிறப்புச் சான்றும்

நம் பகுதி மாணவர்களுக்கு வெளிநாட்டில் வரும் சிக்கல்களில் மிகுதியானவை பெயரிலிருந்தே தொடங்குகின்றன. பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ‘செ. கவிதா’ என்றும், கடவுச்சீட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிக் ‘கவிதா செல்வராஜ்’ என்றும், ஆதாரில் ‘கவிதா செ’ என்றும் இருப்பது நமக்கு இயல்பானது. அங்குள்ள வங்கி எழுத்தருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், கொடுபெயர் (சொந்தப் பெயர்) என்ற இரு கட்டங்களுள் ஒன்று காலியாக இருந்தால் நிலைமை இன்னும் வேடிக்கையாகிவிடும். கொடுபெயர்க் கட்டம் காலியாக இருப்பவருக்கு அமெரிக்க விசாவில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான ‘எஃப்என்யூ’ என்ற மூன்றெழுத்தே பெயராக அச்சாகி வரும். அந்த எழுத்துகள் பல்கலைக்கழக அடையாள அட்டை வரை அவரைப் பின்தொடரும்.

இதற்கான மருந்து ஊரிலேயே இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், கடவுச்சீட்டில் உள்ள பெயரே இனி எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும் என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கையும் நல்கைக் கடிதமும் அதே பெயரில், அதே எழுத்துக்கூட்டலில் இருக்கும்படி திருத்தி வாங்க வேண்டும். பழைய சான்றிதழ்களில் உள்ள பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, அதன் மூலப்படிகள் சிலவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடவுச்சீட்டையே திருத்துவதாக இருந்தால் அதற்குப் போதிய காலம் விட வேண்டும். விண்ணப்ப மையம் புதுச்சேரியிலும் உண்டு, கடலூரிலும் உண்டு. நேரம் எடுப்பது பயணமன்று, சரிபார்ப்பு. விசாவின் முடிவுத் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகும்படி கடவுச்சீட்டு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

பிறப்புச் சான்று இன்னும் நுணுக்கமானது. பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். குடும்பம் எங்கே வசிக்கிறது என்பது அதற்குப் பொருட்டன்று. கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பகுதிகளிலிருந்து பிரசவத்துக்கு ஜிப்மருக்குச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகளின் பிறப்பு உழவர்கரை நகராட்சியில் பதிவாகியிருக்கும். பள்ளிச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் பிறந்த ஊர் ‘கடலூர்’ என்று எழுதப்பட்டிருக்கும். அதோடு, யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006 அக்டோபரில்தான் ‘புதுச்சேரி’ என்று மாறியது என்பதால், அதற்கு முன் பிறந்தவர்களின் சான்றில் ‘பாண்டிச்சேரி’ என்ற பழைய பெயரே இருக்கும். பிரான்சின் காப்பீட்டு அலுவலகம் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் இடம். குழந்தையின் பெயர் எழுதப்படாமல் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் உள்ள பழைய சான்று அங்கே செல்லாது. பெயர், பெற்றோர் இருவரின் பெயர், பிறந்த ஊர் ஆகிய மூன்றும் உள்ள புதிய படியை நகராட்சி, மாநகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்தில் வாங்கிக்கொள்வதே முதல் வேலை.

அடுத்தது சான்றொப்பம். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையின் பேரில் மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்துவிட்டதால், பிரான்சு உட்பட உறுப்பு நாடுகள் பலவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஆனால் அதற்கு முன், சான்றை வழங்கிய அரசின் உரிய துறை ஒப்பமிட்டிருக்க வேண்டும். ஜிப்மரில் பிறந்து கடலூரில் படித்தவருக்கு இதன் பொருள், பிறப்புச் சான்றுக்குப் புதுச்சேரி அரசிடமும் பட்டச் சான்றுக்குத் தமிழ்நாடு அரசிடமும் போக வேண்டும் என்பதாகும். இரண்டையும் ஒரே கட்டாக ஒரே முகவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் ஒன்று திரும்பி வருவதைக் காண்பார். ஜெர்மனிக்குப் போகிறவர் அப்போஸ்டிலுக்குப் பணம் செலவிடுவதற்கு முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு அந்நாடு ஆட்சேபம் தெரிவித்ததால் இந்திய அப்போஸ்டில் அங்கே ஏற்கப்படுவதில்லை. அங்கே கல்விச் சான்றுகளுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் என்ற மையத்தின் சரிபார்ப்பு வேறாக உள்ளது. நல்கை பெறுவோருக்கு அதில் விலக்கு உண்டா என்பதை நல்கைக் கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்டுத் தெளிவது நல்லது.

அஞ்சல் குறியீடு பற்றியும் ஒரு சொல். 605 என்று தொடங்கும் குறியீடுகள் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டின் விழுப்புரத்துக்கும் பொதுவானவை. இணைய விண்ணப்பங்களில் குறியீட்டை இட்டவுடன் மாநிலக் கட்டத்தில் ‘தமிழ்நாடு’ என்று தானே வந்து உட்கார்ந்துகொண்டால் அதை மாற்றாமல் விடக் கூடாது.

ஊரில் விட்டுச் செல்பவை

கைப்பேசி எண்ணிலிருந்து தொடங்கலாம். வங்கி, ஆதார், வருமான வரித் தளம், டிஜிலாக்கர், பல்கலைக்கழகத் தேர்வுத் தளம் ஆகிய அனைத்தும் ஓடிபி அனுப்புவது அந்த ஒரே எண்ணுக்கு. எண்ணை 90 நாள் எவ்விதத்திலும் பயன்படுத்தாமல் விட்டால் அது முடக்கப்படலாம். பிறகு அதே எண் வேறொருவர் கைக்குப் போய்விடவும் கூடும். சர்வதேச ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறும் வசதியைப் புறப்படும் முன்னரே செயல்படுத்தி, ஆண்டு முழுவதற்கும் ரீசார்ஜ் செய்து, அந்த சிம்மைத் தம்முடன் கொண்டுபோவதே சரி. சிம்மை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய், அங்கே நள்ளிரவில் ‘அந்த ஆறு எண்ணைப் படிங்கம்மா’ என்று கேட்டுக்கொண்டிருப்பது சில நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபிக்கு ஒத்துவராது. ஆதாரில் பழைய எண் இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய காலமும் இதுவே.

வங்கிக் கணக்கில் பலரும் அறியாத விதி ஒன்று உண்டு. வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்கள் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கில் வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுவார்கள் என்று ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே ஊரில் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. கிளையில் இதைச் சொன்னால் சில எழுத்தர்கள் ‘ஒரு வருஷம்தானே, எதுக்கு?’ என்பார்கள். வாய்ச்சொல்லை நம்பி விடாமல், எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது மாணவரின் பாதுகாப்புக்கு. பெற்றோரில் ஒருவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கவும் நியமனதாரரைப் பதியவும் அதே வருகையில் முடியும்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைப் பீரோவில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டொழிப்பது நல்லது. வீட்டு வாடகை, கல்விக்கடன், பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்குதல், காப்பீட்டுக் கோரிக்கை என ஊரில் யாராவது கையெழுத்திட வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் அதிகாரம் தரும் சிறப்புப் பவர் பத்திரத்தைப் புறப்படும் முன் எழுதிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுப் பவர் மாணவருக்குத் தேவைப்படுவதில்லை. சொத்து விற்கும் அதிகாரம் வரை அதில் நுழைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்புவதாயின், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்த மூன்று மாதக் கெடுவைத் தாண்டிய பத்திரங்கள் பின்னால் தொல்லை தருவன.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஊர்ப் பொறுப்பு கூடுதல். காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ பதிவு செய்தவர், நெறியாளரின் பரிந்துரை, துறைத் தலைவரின் ஒப்புதல், பதிவாளர் அலுவலகத்தின் அனுமதி ஆணை ஆகிய மூன்றும் கைக்கு வந்த பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை வைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி; வெளிநாட்டில் இருக்கும் பருவத்தில் அதைக் காணொளி வழியே நடத்த அனுமதி உண்டா என்பதை அந்த ஆணையிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். உதவித்தொகை நிறுத்திவைக்கப்படுமா, கால நீட்டிப்பு கிடைக்குமா, விடுதி அறையைக் காலி செய்ய வேண்டுமா என்பனவும் அப்படியே. கல்லூரி ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருப்பவர் தடையின்மைச் சான்றையும் விடுப்பு ஆணையையும் தனித்தனியே பெற வேண்டும்; ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

மூலச் சான்றிதழ்களை எங்கே வைப்பது என்பது நம் கடற்கரையில் பருவநிலை சார்ந்த கேள்வியும்கூட. மாணவர் செப்டம்பரில் புறப்பட்டால், வடகிழக்குப் பருவமழை அடுத்த மாதமே தொடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது நமக்கும் கடலூருக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியைத் தண்ணீரில் நிறுத்தியது. கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியோ பீரோவின் கீழ்த்தட்டோ சான்றிதழுக்கு உரிய இடமன்று. நீர் புகாத உறையில் இட்டு மேல்தட்டில் வைக்கலாம். வங்கிப் பெட்டகம் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஒன்றைத் தம்மிடமும் மற்றொன்றை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் சான்றின் பெயரும் தேதியும் இருக்கட்டும். ‘ஸ்கேன்001’ என்ற பெயரில் இருக்கும் கோப்பைத் தங்கையால் கண்டுபிடிக்க முடியாது.

சென்று சேர்ந்த பின்

அங்கே காகிதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரும். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் நல்கைத் தவணை இல்லை. தவணை வராமல் வாடகை இல்லை. ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கான பணத்தை அட்டையிலோ ரொக்கமாகவோ கையோடு கொண்டுபோகாமல், நல்கையை மட்டும் நம்பி விமானம் ஏறுவது துணிச்சலே தவிர, திட்டமன்று.

பிரான்சுக்குப் போகிறவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது, இங்கிருந்து அங்கே போவோர் மிகுதி என்பதால். பெரும்பாலானோருக்குத் தரப்படும் ‘விஎல்எஸ்-டிஎஸ்’ என்ற நீண்டகால விசாவே வசிப்பிட அனுமதியாகவும் செயல்படும். ஆனால் அந்நாட்டுக்குள் நுழைந்த மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி அதை உறுதிப்படுத்தினால்தான். உறுதிப்படுத்தாதவர் கெடு முடிந்ததும் அனுமதியின்றித் தங்கியவராவார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அந்த விசாவைக் காட்டி மீண்டும் நுழைய முடியாது. வேலை பத்து நிமிட வேலை. முகவரி உறுதியானவுடன் செய்து, தளம் தரும் சான்றைப் பதிவிறக்கி அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சமூகக் காப்பீடு. பல்கலைக்கழகப் பதிவு முடிந்ததும் வெளிநாட்டு மாணவர்களுக்கான தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைச் சான்று, அங்குள்ள வங்கிக் கணக்கு விவரம், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு கூடிய பிறப்புச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். முதலில் கிடைப்பது தற்காலிக எண். அது 7 அல்லது 8இல் தொடங்கும். பிறப்புச் சான்று சரிபார்க்கப்பட்ட பின் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று தொடங்கும் நிலையான எண் வரும். பல மாதம் கழிந்தும் தற்காலிக எண்ணிலேயே நிற்பவர்கள், முன்னே சொன்ன பிறப்புச் சான்றில் என்ன குறை என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அதுவரை மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் தரப்படும் சிகிச்சைத் தாள்களைப் பத்திரப்படுத்தினால் பின்னர் தொகை கோரலாம்.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கப்போகிறவரிடம் உத்தரவாதம் தருபவர் யார் என்று வீட்டுக்காரர் கேட்பார். புதுச்சேரியில் உள்ள அப்பாவின் சம்பளச் சான்று அங்கே எடுபடாது. 30 வயது வரையிலான மாணவர்களுக்குக் கட்டணமின்றி உத்தரவாதம் தரும் ‘விசாலே’ என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே அதன் சான்றைப் பெற்றுவிட வேண்டும். வீட்டில் நுழையும் நாளில் சுவர், தரை, அடுப்பு, குழாய் ஆகியவற்றின் நிலையைக் குறிக்கும் பட்டியலில் இருவரும் கையெழுத்திடுவது வழக்கம். மொழி புரியவில்லை என்று அதை வாசிக்காமல் ஒப்பமிட்டால், முன்பிருந்தவர் செய்த கீறலுக்கும் நீங்களே பொறுப்பு. ஒவ்வொரு அறையையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது போதும்.

ஜெர்மனியில் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். அங்கே கேட்பது வாடகை ஒப்பந்தத்தை அன்று, இந்தத் தனித் தாளை. பதிந்த சில வாரங்களில் வரி எண் அஞ்சலில் வரும். ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். மாதம் 18.36 யூரோ என்பது வீட்டுக்குக் கணக்கே தவிர ஆளுக்கு அன்று என்பதால், அறைத்தோழர்களில் ஒருவர் ஏற்கெனவே கட்டுகிறாரா என்று கேட்டு அவருடைய எண்ணைத் தெரிவித்தால் போதும். கடிதத்தைக் குப்பையில் போடுவது மட்டும் கூடாது.

அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் போகிறவருக்கு உயிர்நாடி டிஎஸ்-2019 என்ற தாள். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகும் முன் அத்தாளில் பொறுப்பு அலுவலரின் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசுப் பணத்தில் நல்கை பெற்றவருக்கு, முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தக்கூடும் என்பதை விசாவின் கீழ்வரியில் காணலாம். எந்த நாடாயினும், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் வெளிநாட்டு மாணவராகப் பதிந்து வைப்பது இலவசம். கடவுச்சீட்டு தொலைந்த நாளில் அதன் பயன் தெரியும்.

ஆண்டின் நடுவில்

வாரத்தில் ஒரு காலையை அலுவலக வேலைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அன்றாடம் சிறிது சிறிதாகச் செய்வதாகச் சொல்பவர்கள் படிப்பையும் கெடுத்துக்கொண்டு காகிதத்தையும் முடிக்காமல் விடுகிறார்கள். அந்தக் காலை எது என்பதை ஊரின் நேரம் பார்த்து முடிவுசெய்யலாம். மேற்கு ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருப்பார்கள். நம் வங்கி மாலை 4 மணிக்கு அடைக்கும்போது பாரிசில் பகல் 11.30. மதிய உணவுக்குப் பின் நிதானமாகக் கிளையை அழைக்கலாம் என்று நினைப்பவருக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். இரு ஊர் விடுமுறைகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வைப்பதும் தேவை. பிரான்சில் ஆகஸ்டு முழுவதும் அலுவலகங்கள் மந்தமாக இருக்கும். புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள் விடுமுறை, எல்லை தாண்டிக் கடலூரில் அன்று வேலை நாள்.

நல்கை அமைப்புக்கு அனுப்பும் இடைக்கால அறிக்கையைப் பலர் கடைசி நாளில் எழுதுகிறார்கள். அறிக்கையைவிட அதில் கையெழுத்திட வேண்டிய பேராசிரியர் ஊரில் இருக்கிறாரா என்பதே பெரிய கேள்வி. கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே வரைவை அவரிடம் கொடுத்துவிடலாம். அக்காள் திருமணத்துக்கோ வேறு காரியத்துக்கோ ஊருக்கு வருவதாயின், நல்கை அமைப்பிடமும் துறையிடமும் எழுத்துமூலம் அனுமதி பெற்று, அந்நாட்களுக்குத் தொகை பிடிக்கப்படுமா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். பகுதிநேர வேலைக்கும் இதே எச்சரிக்கை: பிரான்சில் மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரமும், ஜெர்மனியில் 140 முழு நாளும் வேலை செய்ய விசா அனுமதிக்கிறது, ஆனால் விசா அனுமதிப்பதை நல்கை ஒப்பந்தம் தடுத்திருக்கலாம்.

விமான நுழைவுச்சீட்டின் அடிக்கட்டையை எறிந்துவிடாதீர்கள். பயணச் செலவைத் திருப்பித் தரும் அமைப்புகள், குறிப்பாக நம் அரசுத் துறைகள், பயணச்சீட்டு இருந்தாலும் அதைத்தான் கேட்கும். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் படமெடுத்துச் சேமிக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள இந்தியப் புறப்பாட்டு முத்திரையையும் அவ்வாறே. அது வரிக் கணக்குக்கு வேண்டும்.

வருமான வரி

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டம் மாணவரைப் புறப்பட்ட நாளிலிருந்து வெளிநாடுவாழ்பவராகக் கருதுகிறது. வருமான வரிச் சட்டமோ நாள்களை எண்ணுகிறது. வேலைக்காகச் செல்பவருக்கு உள்ள 182 நாள் சலுகை படிக்கச் செல்பவருக்குப் பொருந்துவதில்லை. அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் 365 நாளும் இந்தியாவில் இருந்தவர் இந்திய வாசியே. ஆகவே செப்டம்பரில் புறப்பட்ட மாணவர் அந்த நிதியாண்டில் வரிச் சட்டப்படி பெரும்பாலும் இந்திய வாசியாகவே இருப்பார். அப்படி இருப்பவர் வெளிநாட்டில் தொடங்கிய வங்கிக் கணக்கை, அதில் சில நூறு யூரோவே இருந்தாலும், வரி விவர அறிக்கையின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டாலும் இதற்காகவே அறிக்கை தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். எளிய ஐடிஆர்-1 படிவத்தில் அந்த அட்டவணை இல்லை, ஐடிஆர்-2 வேண்டும். அட்டவணை கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை என்பதால், டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையை அங்கிருக்கும்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு இந்தியாவில் வரிவிலக்கு உண்டு. காட்டுவதால் வரி வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருப்பவருக்கு அந்நாட்டு அறிக்கையும் உண்டு. வருமானம் இல்லாதவருக்கும் படிவம் 8843 உண்டு. உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்காகத் தரப்பட்ட நல்கைப் பகுதி அங்கே வரிக்கு உட்பட்டது என்பதால் 1040-என்ஆர் படிவமும் தேவைப்படலாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இதற்கு மென்பொருள் தருகிறதா என்று முதலில் அங்கே கேட்பது நல்லது.

முடிக்கும் மாதங்கள்

தங்குவதை நீட்டிக்கப் போகிறவர் பிரான்சில் அனுமதி முடிவதற்கு நான்கு மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்பு வரையுள்ள இடைவெளியில் புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். திரும்பப் போகிறவருக்கு வேலை வேறு. பிரான்சில் அறைகலன் உள்ள வாடகை வீட்டை விட ஒரு மாத முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் தர வேண்டும். வைப்புத்தொகை, வீட்டின் நிலை பட்டியலோடு ஒத்திருந்தால் ஒரு மாதத்துக்குள்ளும் குறை இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும் திரும்ப வரும். அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடக் கூடாது. விமானம் ஏறும் முந்தைய நாள் கணக்கை மூடிவிட்டு, வைப்புத்தொகையைக் கடலூர்க் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் தாமதிப்பார். ஜெர்மனியில் முகவரிப் பதிவை நீக்குவது கட்டாயம். வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து வெளியேறிய இரண்டு வாரம் வரை அதற்குக் காலம். அந்த நீக்கச் சான்று இருந்தால்தான் காப்பீடு, கைப்பேசி, ஒலிபரப்புக் கட்டணம் ஆகியவற்றை நிறுத்த முடியும்.

மதிப்பெண் பட்டியல், முத்திரையிட்ட உறையில் கூடுதல் படிகள், தங்கியிருந்த காலத்துக்கான பேராசிரியர் சான்று, நல்கை முழுவதும் பெறப்பட்டதற்கான சான்று ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொண்டே புறப்பட வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி சில மாதத்தில் நின்றுவிடும் என்பதால், அதிலுள்ள அலுவலகக் கடிதங்களைத் தம் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதும் அதே வாரத்து வேலை.

ஊர் திரும்பிய மறுநாளே துறையில் பணியேற்பு அறிக்கையை விமான நுழைவுச்சீட்டு, நல்கை முடிவுச் சான்று ஆகியவற்றோடு கொடுத்து, நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்; நிறுத்திவைக்கப்பட்ட உதவித்தொகை அந்தத் தேதியிலிருந்துதான் மீண்டும் ஓடும். அடுத்து வங்கியில் என்ஆர்ஓ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்கில் மீதமுள்ள தொகையை வைப்புத்தொகை வந்து சேர்ந்தபின் இங்கே வரவழைத்து, அந்தக் கணக்கை மூடி, மூடியதற்கான கடிதத்தை அடுத்த வரி அறிக்கை தாக்கல் ஆகும் வரை கோப்பில் வைத்திருக்க வேண்டும். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதை எழுத்துமூலம் ரத்து செய்து, அதைக் காட்டிய வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் ரத்துப் பத்திரத்தின் நகலைத் தர வேண்டும்.